கடைசல் தொழிலுக்கு ஏற்ற உளியும் கைப்பிடியும்

சிறு மூலதனத்துடன் வீட்டிலேயே நடத்தக்கூடிய கைத்தொழில்களுள் மரக்கடைசலும் ஒன்றாகும். அம்பாசமுத்திரத்து மரச்செப்புகளும், சென்னபட்டணத்தின் அரக்கு வர்ணப் பொம்மைகளும் இத்தொழிலால் பெயர் பெற்றவை. கட்டிற்கால், பூரிக்கட்டை, பம்பரம் முதலியவற்றுக்குக் கிராமங்களிலும் தேவையுண்டு. ஆயினும் புதிதாகப் பயில முற்படுவோர் பலர், கடன் வாங்கிய பணம் முழுவதையும் யந்திரத்திற்கே செலவிட்டு, உளிகளை மலிவாகத் தேடுகின்றனர். மட்டமான உளியால் மரம் பிய்ந்துபோவதோடு கைக்கும் கண்ணுக்கும் அபாயம் நேரிடும்.

உளியில் முதலில் நோக்கவேண்டியது உருக்கு. சாதாரணக் கார்பன் உருக்கு மிகக் கூர்மையாகத் தீட்டப்படும்; விலையும் குறைவு. ஆனால் 200 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டியதும் அதன் பதம் இறங்கத் தொடங்கும். வேகமாகச் சுழலும் சாணையில் விளிம்பு நீலம் பாய்ந்தால், அப்பகுதியைத் தேய்த்து நீக்கினாலன்றி அது கூர் நில்லாது. டங்ஸ்டன், குரோமியம் முதலியன சேர்ந்த ஹைஸ்பீடு உருக்கோ ஏறத்தாழ 600 டிகிரி வரை பதம் காக்கும். ஆகவே மின்சாரச் சாணை உபயோகிப்போர் இதனையே வாங்குக. கையால் சுற்றும் நீர்ச்சாணை உடையோருக்குக் கார்பன் உருக்கே போதும். அதிகக் கிரயம் கொடுப்பது வீண்.

தேய்ந்த அரத்தையே உளியாகத் தீட்டிக்கொள்ளும் வழக்கம் பல இடங்களில் உண்டு. இதனை அறவே விலக்க வேண்டும். அரம் மிகக் கடினமாகப் பதமிடப்பட்டது. ஆதலின் வளையாது, திடீரென ஒடியும். ஓடும் மரத்தில் ஒடிந்த துண்டு முகத்தை நோக்கியே பாயக்கூடும். பழைய மோட்டார் வண்டியின் வில் பட்டையைக் கொண்டு அனுபவமுள்ள கொல்லர் அடித்துப் பதமிட்டுக் கொடுக்கும் உளி இதனினும் எவ்வளவோ மேலானது.

தொடக்கத்தில் நான்கு உளிகள் போதும்: சதுரக் கட்டையை உருட்டாக்க அகன்ற நகவுளி, வளைவுகளுக்குக் குறுகிய நகவுளி, வழவழப்பாக்கச் சாய்வுளி, துண்டிக்க மெல்லிய உளி. பெட்டி நிறைய விற்கப்படும் மலிவுத் தொகுதிகளில் பாதி துருவேறிக் கிடப்பதே வழக்கம். அகன்ற நகவுளியால் கிண்ணம் குடைய முயலலாகாது. கைப்பிடிக்குள் செல்லும் அதன் வால் தட்டையானது, முறிந்துவிடும்.

கைப்பிடியின் நீளம் அலங்காரத்திற்காக ஏற்பட்டதன்று. தாங்குகட்டைக்கு அப்பால் உளி 1 அங்குலம் நீண்டிருக்க, கை 12 அங்குலம் பின்னே பிடித்திருப்பின், மரம் நுனியை அழுத்தும் விசையில் பன்னிரண்டில் ஒரு பங்கே கையைத் தாக்கும். 4 அங்குலத்தில் பிடித்தால் நாலில் ஒரு பங்கு தாக்கும். கிண்ணம் குடைகையில் உளி 3 அங்குலமும் வெளியே நிற்கலாம். ஆதலின் அதற்கு 16 அங்குலத்திற்குக் குறையாத பிடி அவசியம். மற்றவற்றிற்கு 10 முதல் 12 அங்குலம் தகும்.

பிடியின் மரம் கருவேல், புளி போன்ற கெட்டி ஜாதியாகவும், நன்கு உலர்ந்ததாகவும், ரேகை நுனி முதல் அடி வரை நேராக ஓடுவதாகவும் இருத்தல் வேண்டும். ரேகை குறுக்கே வெளியேறும் இடத்திலேயே பிடி பிளக்கும். ஈரமரம் பின்னர்ச் சுருங்குமாதலால் பூண் கழலும். கடையில் வாங்குகையில் பூணைத் திருகிப் பார்க்க. சிறிது அசைந்தாலும் வேண்டாம். உளியைக் கண்ணுக்கு நேரே பிடித்து, அலகும் பிடியும் ஒரே கோட்டில் உள்ளனவா என்றும் நோக்குக. பளபளக்கும் வார்னிஷ் வியர்வையில் வழுக்கும். அதனைச் சுரண்டிவிட்டு ஆளிவிதை எண்ணெய் தடவலாம்.

பிடியில்லாத அலகுகள் கிடைக்குமாயின் அவற்றை வாங்கி, பிடியைத் தானே கடைந்துகொள்வது சிக்கனம். நல்ல முதற் பயிற்சியுமாகும். வாலுக்குரிய துளையைக் கட்டை சதுரமாயிருக்கும்போதே நேராக இட்டு, அத்துளையையே மையமாகக் கொண்டு கடைந்தால் கோணல் நேராது. பூணுக்குப் பித்தளைக் குழாயின் 1 அங்குலத் துண்டு போதும்.