நாலரை ஏக்கர் திராட்சைத் தோட்டம், நாலரை ஏக்கர் தென்னந்தோப்பு: பாகம் பிரிக்கணுமா?

சென்னை, பெங்களூர்ல வேலை பார்க்கிற நம்ம புதுக்கோட்டை பசங்க என்கிட்ட அதிகமா கேட்கிற கேள்வி இது: "தாத்தா தோப்புல என் பங்கைப் பிரிச்சு வாங்கிடலாமா சார்?"

பதிலுக்கு ஒரு நிமிஷம் பிரான்சுக்குப் போவோம். (குடிக்கச் சொல்லலை, கணக்கு மட்டும்தான்!)

அங்கே பர்கண்டி பகுதியில ரொமானே-கோன்ட்டி என்ற திராட்சைத் தோட்டம் இருக்கு. பரப்பு சுமார் 1.8 ஹெக்டேர், அதாவது நாலரை ஏக்கர். 1945-ல விளைஞ்ச அதோட சிவப்பு ஒயின் ஒரு பாட்டில், 2018-ல நியூயார்க் ஏலத்துல 5,58,000 டாலருக்குப் போச்சு. இந்தத் தோட்டத்தை ஒரு குடும்பம் 1869-ல வாங்குச்சு. பிறகு 1942-ல பாதியை இன்னொரு குடும்பம் வாங்கினப்போ நிலத்துல வேலி போடலை. தோட்டம் ஒரு நிறுவனத்தின் பேர்ல போச்சு, ரெண்டு குடும்பமும் அதுல பங்குதாரர் ஆனாங்க. வாரிசுகளுக்குப் போறது பங்கு. தோட்டம் முழுசா நிக்குது.

பக்கத்து ஊர்ல குளோ த வூஜோ. ஒரே மதில் சுவருக்குள்ள சுமார் 50 ஹெக்டேர். ஒரே உரிமையாளர் வசம் இருந்தது 1889-ல துண்டு துண்டா விற்பனையாச்சு. பிறகு விற்பனை, வாரிசுப் பிரிவினைன்னு போய் இன்னைக்குச் சுமார் 80 உரிமையாளர்கள். அதனால இடத்தோட பேரை மட்டும் நம்பி அந்த ஒயினை வாங்க முடியாது. யார் தயாரிச்சதுன்னு பார்க்கணும்.

இப்ப கீரமங்கலம் பக்கம் அதே நாலரை ஏக்கர்ல ஒரு தென்னந்தோப்புன்னு வெச்சுக்குவோம். 450 சென்ட். மூணு பிள்ளைகளுக்குப் பிரிச்சா ஆளுக்கு 150. ஒன்பது பேரப்பிள்ளைகளுக்குப் பிரிச்சா 50. ஆனா போர் ஒண்ணு, கரண்ட் கனெக்‌ஷன் ஒண்ணு, வண்டிப்பாதை ஒண்ணு. 50 சென்ட்டுக்குத் தனி போர் போடுறது எனக்குக் கட்டுப்படியாகிற கணக்காத் தெரியலை.

என் யோசனை: கூட்டுப் பட்டாவா வெச்சுக்கங்க. யார் நிர்வாகம், வருமானம் எந்த விகிதம், செலவு யார் தலையில, ஒருத்தர் விலகினா விலையை எப்படி முடிவு பண்றதுன்னு எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுங்க. வக்கீல் ஒருத்தர் பார்த்துடட்டும். உயில் இல்லாம வந்த சொத்துல ஒரு வாரிசு தன் பங்கை விற்க நினைச்சா, கூட வாரிசான முதல் வகுப்பு வாரிசுகளுக்கு வாங்க முன்னுரிமை உண்டு (இந்து வாரிசுரிமைச் சட்டம், பிரிவு 22). தலைமுறை தாண்டினா இது சிக்கலாகும். அதனாலதான் எழுதச் சொல்றேன்.

அத்தைகளை விட்டுடாதீங்க. தாத்தா சுயமா சம்பாதிச்ச சொத்து, 1956 சட்டத்துக்குப் பிறகு உயில் எழுதாம இறந்திருந்தா மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு. பாட்டி அப்போ உயிரோட இருந்திருந்தா அவங்களுக்கும் ஒண்ணு.

குறையும் இருக்கு. பிரிக்காத பங்கை வெச்சு லோன் கேட்டா பேங்க் எல்லார் கையெழுத்தும் கேட்கும். கணக்கே காட்டாத பங்காளி இருந்தா, பேசாம பாகப்பிரிவினைப் பத்திரம் பதிஞ்சுடுங்க.

கடைசியா வரி. தேங்காய் வருமானத்துல உங்க பங்குக்கு வரி இல்லை, ஆனா ரிட்டர்ன்ல காட்டணும். வருஷத்துக்கு 5,000 ரூபாய் தாண்டினா ஐடிஆர்-1 போட முடியாது. சம்பளமும் வரி வரம்பைத் தாண்டினா, சம்பளத்துக்கான வரியைக் கணக்கிடும்போது இந்த வருமானத்தையும் சேர்த்துத்தான் விகிதம் பார்ப்பாங்க. ஃபார்ம்-16 மட்டும் பார்த்து ஃபைல் பண்றவங்க, ஊருக்கு ஃபோன் போட்டு இந்த வருஷக் கணக்கைக் கேட்டுக்கங்க.