மதீரா ஒயினைப் பழகத் தொடங்கும் பிள்ளைகளுக்கு

1. எடுத்த எடுப்பிலேயே நூறாண்டுப் பழசைத் தேடாதீர்கள். பத்தாண்டு என்று போட்ட பாட்டில்களில் செர்சியால் திராட்சையில் செய்தது ஒன்றும் மால்வாசியாவில் செய்தது ஒன்றும் வாங்கி, ஒரே மாலையில் அடுத்தடுத்துக் குடித்துப் பாருங்கள். முன்னது பல் கூசும் அளவு புளிப்பு, பின்னது நல்ல இனிப்பு. ஆனால் அந்த இனிப்பை விழுங்கிய பிறகு அடியில் அதே புளிப்பு எழுந்து வரும். அது பிடிபட்டால் பாதிப் பாடம் முடிந்தது. வெர்தேல்யோ, புவால் திராட்சைகள் இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பவை.

2. மற்ற ஒயின்களைக் கெடுக்கும் வெயிலும் காற்றும்தான் இதை வளர்த்தன. போர்த்துகலின் அட்லாண்டிக் தீவான மதீராவில் நின்று, இந்தியாவுக்குப் போன கப்பல்கள் பீப்பாய்களையும் ஏற்றிக்கொண்டன. வெப்பக் கடலில் போய்த் திரும்பிய சரக்கு முன்னைவிட ருசியாக இருந்தது. அதற்கென்றே பீப்பாய்களைக் கடல்சுற்றுக்கு அனுப்பியதும் உண்டு. சென்னைக் கோட்டையில் இருந்த ஆங்கிலேயரின் மேசையில் அன்று மதீராவுக்குத் தனி இடம். இன்று அந்தக் கப்பலின் வேலையை ஃபுஞ்சல் நகரக் கிடங்குகளின் மேல்மாடி செய்கிறது. வெயில் ஏறும் கூரையடியில் மரப்பீப்பாய்கள் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். வற்ற வற்றப் புளிப்பும் இனிப்பும் மணமும் திரளும். இது கான்டெய்ரோ முறை. விலை மலிந்தவற்றைத் தொட்டியில் ஏறத்தாழ 45 முதல் 50 டிகிரி வரை மூன்று மாதம் சூடேற்றுகிறார்கள். அதைப் பழிக்கவில்லை, சமையலுக்கு அது போதும்.

3. லேபிளை நிதானமாகப் படியுங்கள். பத்தாண்டு, பதினைந்தாண்டு என்பவை பெரும்பாலும் பல வயதுச் சரக்கின் கலவை. கொல்யெய்டா ஒரே ஆண்டின் அறுவடை. குறைந்தது 5 ஆண்டு மரத்தில் இருந்தது. ஃபிராஷ்கெய்ரா என்றால் 20 ஆண்டாவது பீப்பாயில் கிடந்திருக்க வேண்டும். பழைய பாட்டிலில் ஓர் ஆண்டும் பக்கத்தில் சொலேரா என்ற சொல்லும் இருந்தால், உள்ளே இருப்பது முழுக்க அந்த ஆண்டின் ஒயின் அல்ல. இளைய சரக்கும் சேர்ந்தது.

அறுவடை ஆண்டோடு பாட்டிலில் அடைத்த ஆண்டையும் கேளுங்கள். இந்த ஒயின் முதிர்வது மரத்தில்தான். கண்ணாடிக்குள் போனபின் மாற்றம் மிக மெதுவு. 1850-இல் ஒயின் தொழிலைத் தொடங்கிய டொலிவேரா குடும்பத்தார் பழைய சரக்கை நெடுங்காலம் பீப்பாயிலேயே விட்டுவைப்பவர்கள். அவர்களுடைய கறுத்த பாட்டிலின் மேல் வெள்ளைப் பெயின்டில் திராட்சையின் பெயரும் ஆண்டும் அச்சு வைத்திருக்கும். பின்பக்கம் திருப்பி, அடைத்த ஆண்டைத் தேடுங்கள்.

4. பாட்டிலை நிமிர்த்தி வையுங்கள். படுக்கவைத்தால் தக்கை அரித்துப் போகும்.

5. டின்டா நெக்ரா திராட்சையை மட்டமாக எண்ணாதீர்கள். தீவின் விளைச்சலில் பாதிக்கும் மேல் அதுதான். நல்ல கைகளில் அதுவும் அழகாக முதிர்கிறது.

6. நெடுநாள் அடைபட்ட பாட்டிலைத் திறந்ததும் ஒரு மக்கல் வாடை வரும். கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள், தயவுசெய்து! வண்டல் கலங்காமல் கண்ணாடிக் குடுவைக்கு மாற்றி ஒன்றிரண்டு நாள் விடுங்கள். பிறகு சற்றே அகன்ற கிளாஸில், லேசான குளிர்ச்சியோடு ஊற்றி வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மிகப் பழசானால் பழுப்பின் விளிம்பில் பச்சை ஓடும்.

7. ஒரே நாளில் தீர்க்க வேண்டியதில்லை. 19 சதவீதம் அளவுக்கு ஆல்கஹால் உள்ள ஒயின் இது. சிறு அளவே போதும். திறந்தபின்னும் மாதக்கணக்கில் கெடாது. முதல் வாரம் ஒரு கிளாஸ், இரண்டு வாரம் கழித்து ஒன்று என்று வைத்து, என்ன மாறியது என்று ஒவ்வொரு முறையும் எழுதிக்கொள்ளுங்கள்.