தேயிலையின் தரப்பெயர்கள்

ஒரு பொருளின் பெயர் வேறு, குணம் வேறு என்பதற்குத் தேயிலையினுஞ் சிறந்த சான்று காண்டல் அரிது. கூடலூர் மலைச்சரிவுகளில் விளைந்து நம் இல்லங்களை அடையும் தேயிலைக்கு ‘ஆரஞ்சு பீக்கோ’, ‘டஸ்ட்’ முதலிய பெயர்கள் வழங்குகின்றன. அவற்றின் பொருளை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

பறித்த கொழுந்தை வாட்டி, உருட்டி, காற்றுப்பட்டு நிறம் மாறச் செய்து, உலர்த்திய பின்னர்ப் பல கண்ணளவுள்ள சல்லடைகளிற் சலிக்கின்றனர். நீண்டு முறுக்கிய இலை ஆரஞ்சு பீக்கோ. அதனிற் சிறியது புரோக்கன். அதனினும் சிறியது பன்னிங்ஸ். யாவற்றினும் நுண்ணியது டஸ்ட். பீக்கோ என்பது இளமொட்டின் மேலுள்ள வெண்மயிரைக் குறிக்கும் சீனச் சொல்லின் திரிபு. ஆரஞ்சுப் பழத்திற்கும் இதற்கும் யாதொரு சம்பந்தமுமில்லை. இலையைப் பல்லுருளைகளுக்கிடையே நசுக்கிக் கிழித்துக் குருணையாக்கும் ஸி.டி.ஸி. முறையிலும் பெயர்வரிசை பருமனைத் தழுவியதே.

டஸ்ட் என்றதும் கூட்டித் தள்ளிய குப்பையென எண்ணுவார் உளர். அது பிழை. நுண்துகளில் நீர்படும் பரப்பு மிகுதியாதலின் சாறு விரைவாகவும் கடுமையாகவும் இறங்கும். பால் கலந்து விற்கும் டீக்கடைகள் அதனை விரும்புவதன் காரணம் இதுவே.

ஜெர்மனி தேசத்தில் 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி, உயர்வகைத் திராட்சை ரசத்திற்குரிய கபினெட், ஸ்பேட்லேஸ, அவுஸ்லேஸ முதலிய படிகள், பிழிந்த சாற்றிலுள்ள சர்க்கரையளவு கொண்டு வகுக்கப்பட்டன. அங்கே அளவுகோல் பழத்தின் முதிர்ச்சி; இங்கே சல்லடையின் கண். அப்பெயர் தோட்டத்தில் நிகழ்ந்ததை ஓரளவேனும் உரைக்கும். இப்பெயர் அதனையும் உரையாது.

எனின், தேயிலையின் குணம் எங்கே பிறக்கின்றது? முதலாவது, பறிப்பவர் விரலிற் பிறக்கின்றது. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பறித்தலே நன்முறை. முற்றிய இலையும் காம்பும் கலந்துவிடின் எச்சல்லடையும் அக்குற்றத்தைப் போக்காது. இரண்டாவது, இடமும் பருவமும் அதனை ஆக்குகின்றன. கூடலூர் ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் தென்மேற்குப் பருவமழையை மிகுதியாகப் பெறுவது. குன்னூரோ 1,800 மீட்டர் அளவு உயர்ந்தது. மழையில் விரைந்து தழைத்த கொழுந்தும், குளிரில் மெல்ல வளர்ந்த கொழுந்தும் சல்லடையில் ஒரே பெயர் பெறினும் மணத்தால் ஒவ்வா. ஆதலாற்றான் 1963 முதல் குன்னூரில் நடைபெற்று வரும் ஏலத்தின்பொருட்டு, சுவைவல்லோர் மாதிரிகளை நீரிலிட்டு நாவினாற் சோதித்து மதிப்பிடுகின்றனர்.

இவ்வாராய்ச்சி ஏட்டளவில் நிற்பதன்று. கூடலூர்ப் பகுதியிற் சிறு விவசாயிகள் பலர் பச்சைக் கொழுந்தைத் தொழிற்சாலைக்கு விற்றே ஜீவிக்கின்றனர். அக்கொழுந்தின் விலை ஏலவிலையைப் பின்பற்றி ஏறி இறங்குவது. பலருடைய கொழுந்தும் ஒன்றாகவே அரைபடுதலின், ஒருவர் சேர்த்த முற்றிலை அயலாருடைய கூலியையுங் குறைக்கும். ஒருவர் காட்டிய கவனம் அனைவர்க்கும் பயன்படும்.

ஆகலின், மாணாக்கர்காள், தேயிலை வாங்குங்காற் பெட்டியின்மேலுள்ள பெயரால் மயங்காது, நிறமும் மணமும் சுவையும் நோக்கித் தெளிமின். நாம் பெறும் வகுப்பும் பட்டமும் இத்தகைய பெயர்களே. உள்ளிருக்கும் சாற்றை உலகம் வெந்நீரிலிட்டே அறியும்.