புள்ளி புள்ளியாத் தெரிஞ்ச படம் எங்கே போச்சு?

அனலாக் டிவியில் சிக்னல் குறைந்தால் படம் புள்ளி புள்ளியாகும். ஆனாலும் செய்தி காதில் விழும். டிஜிட்டல்ல அந்த நடுநிலை கிடையாது. தேவையான அளவுக்கு மேல சிக்னல் இருந்தா படம் பளிச்னு வரும். ஓரிரு டெசிபல் குறைஞ்சா, உறைஞ்சு நின்னுடும். இதுதான் 'கிளிஃப் எஃபெக்ட்'.

அதனால கவரேஜ் கணக்கும் மாறுது. ஒரு தெருவில் மரம், கட்டடம் காரணமா வீட்டுக்கு வீடு சிக்னல் மாறும். அனலாக் திட்டத்தில் 50% இடங்களில் கிடைத்தால் போதும். டிஜிட்டலுக்கு 95% வேணும். திட்ட விலக்கம் 5.5 டெசிபல்னு வைங்க: 1.64 × 5.5 = 9 டெசிபல். கிட்டத்தட்ட எட்டு மடங்கு பவர்! டிஜிட்டல் பலவீனமான சிக்னலையும் படிக்கும் என்பதால் இதில் ஒரு பகுதி ஈடாகும்.

பிரிட்டனில் மாற்றத்துக்கு முன் சுமார் 73% வீடுகளுக்கே டிஜிட்டல் எட்டியது. 2012க்குள் அனலாக்கை நிறுத்தி, டிஜிட்டல் பவரைக் கூட்டியதும் 98.5% ஆனது.

நம்ம கதை வேற. 2016 பிப்ரவரியில் தூர்தர்ஷன் 16 நகரங்களில் டிஜிட்டல் தரைவழி ஒளிபரப்பைத் தொடங்கியது. சென்னை உண்டு, திருநெல்வேலி இல்லை. பிறகு நாடு முழுக்க அனலாக் டிரான்ஸ்மிட்டர்கள் பெரும்பாலும் மூடப்பட்டன. மிச்சம் டிடி ஃப்ரீ டிஷ்தான்.

அதன் சாட்டிலைட் 93.5° கிழக்கில் இருக்கு. வண்ணார்பேட்டை மாடியிலிருந்து கணக்கு போட்டா, டிஷ் ஏறத்தாழ 69° மேல்நோக்கி, தென்கிழக்கா நிற்கணும். மேற்கே இருக்கிற பொதிகை மலை மறைக்காது. கவரேஜ் வரைபடத்தில் ஓட்டையே இல்லை. ஆனா டிஷ், பாக்ஸ் செலவு வீட்டுக்காரங்க தலையில். மாதக் கட்டணம் இல்லைங்கறது மட்டும் ஆறுதல்.

அடுத்த தடவை கவரேஜ் சதவீதம் பார்த்தா, ரெண்டு கேள்வி கேளுங்க: எத்தனை சதவீத இடங்களுக்கு? யார் செலவில்?