பெயரில் சாய்கோடு

மகனின் மடிக்கணினியில் உபுண்டு போட்டோம். மைகார்ட் அடையாள அட்டையில் உள்ளபடி, 'மகன்' எனக் குறிக்கும் 'ஏ/எல்' சேர்த்துப் பயனர் பெயர் கொடுத்தால் ஏற்க மறுக்கிறது. என்ன செய்வது?
– வாசகி, புஞ்சாக் ஆலாம்

பெயரில் குறையில்லை அம்மா, சாய்கோடுதான் சிக்கல். உபுண்டு போன்ற லினக்ஸில் அது கோப்புறைகளைப் பிரிக்கும் குறி. பயனர் பெயரிலேயே 'ஹோம்' அடியில் அவருக்கொரு கோப்புறை உருவாவதால், அதன் நடுவில் சாய்கோடு வரவே கூடாது. மகன் பெயரை மட்டும் சிறிய ஆங்கில எழுத்தில், இடைவெளி விடாமல், 32 எழுத்துக்குள் கொடுங்கள். முழுப் பெயருக்குத் தனிக் கட்டம் உண்டு. அப்பா பெயரையும் ஏ/எல்லையும் அங்கே தாராளமாக எழுதலாம். உள்நுழையும் திரையில் அதுதான் தெரியும்.

பின்னாளில் 'யூசர்மாட்' கட்டளையால் பயனர் பெயரை மாற்றினால், ஹோம் கோப்புறை பழைய பெயரிலேயே நிற்கும். அதையும் நகர்த்தச் சொல்லித் தனியாகக் கட்டளையிட வேண்டும். வேறொரு நிர்வாகி கணக்கில் நுழைந்து இவ்விரண்டையும் செய்யுங்கள்.