கணக்குக்கு ஒரு காவல்



சரக்கு போனால் மறுபடி வாங்கலாம். பற்று வரவுக் கணக்கு போனால் எங்கே வாங்குவது? கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தாருக்குக் கடன் கொடுத்து விற்கும் நம்மில் பலர் இன்று கணக்கைக் கம்ப்யூட்டரில்தான் வைத்திருக்கிறோம். 1967-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டப்படி அதை 7 வருடம் பாதுகாக்கவும் கடமைப்பட்டிருக்கிறோம். ஆகவே பிரதி எடுத்து வைக்கத் தனி ஹார்ட் டிஸ்க் அவசியம். வாங்கும்போது கவனிக்க வேண்டியவை:

1. அளவு: கடைக் கணக்குக்கு 1 டெராபைட் தாராளம். கம்ப்யூட்டர் அதை 931 ஜிகாபைட் என்று காட்டும். இது மோசடியன்று. செய்தவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார். கம்ப்யூட்டர் 1024 ஆக எண்ணுகிறது.

2. வகை: சுழலும் தட்டுள்ளது விலை குறைவு, ஓடும்போது விழுந்தால் கெட்டுவிடும். எஸ்.எஸ்.டி.யில் சுழல்வது எதுவுமில்லை, விலை கூடுதல்.

3. போலி: அற்ப விலைக்கு 16 டெராபைட் என்றால் நம்பவேண்டாம். உள்ளே சிறு மெமரி கார்டை வைத்துப் பொய்யளவு காட்டும் சரக்கும் உண்டு. அதில் எழுதிய கணக்கு திரும்பக் கிடைக்காது.

பிரதியையும் கடையிலேயே வைத்தால் பயன் என்ன? 2013 அக்டோபரில் சுல்தான் அபூபக்கர் அணை நீரைத் திறந்தபோது, ரிங்லெட் அருகே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேற்றுவெள்ளம் புகுந்ததை மறக்கலாகாது. எனவே இரண்டு வாங்கி, ஒன்றை வேறிடத்தில் உள்ள வீட்டில் வைப்போம். வாரம் ஒருமுறை பிரதி எடுப்போம். மாதம் ஒருமுறை திறந்து சரிபார்ப்போம். கொடுத்தவரும் வாங்கியவரும் மனக்கசப்பின்றி இருக்கச் சரியான கணக்கே சாட்சி.