தாத்தா வெட்டிய குழியும் பேரனின் இடுப்பும்

"தறியில குந்தினா இடுப்பு வலிக்காம இருக்குமா?" ஆரணியிலும் சுற்றியுள்ள தேவிகாபுரம், முனுகப்பட்டு போன்ற பட்டு நெசவு ஊர்களிலும், தைலத்தைத் தேய்த்துக்கொண்டே இப்படிச் சொல்லிவிட்டு மறுபடி தறியில் இறங்கிவிடுகிறார்கள். பட்டோடு வலியும் சேர்ந்தே பிறந்தது என்கிற இந்த நம்பிக்கைதான் மற்ற எல்லாவற்றையும்விடக் கெடுதல் செய்கிறது.

தரையில் வெட்டிய குழிக்குள் காலை விட்டு நெய்யும் குழித்தறியில் கை நாடாவை விடுகிறது, கால் மிதியை அழுத்துகிறது. ஆனால் கழுத்தும் முதுகும் முன்பக்கம் வளைந்தபடி மணிக்கணக்கில் அசையாமல் இருக்கின்றன. இறுகியே இருக்கும் தசைக்கு ரத்த ஓட்டம் குறைகிறது. அது சீக்கிரம் சோர்ந்து வலிக்கிறது. "தறியே தேகப்பயிற்சிதானே" என்பவர்கள் கைகாலை மட்டும் பார்க்கிறார்கள், முதுகைப் பார்ப்பதில்லை.

இன்னொன்று, அளவு. குழியின் ஆழமும் பலகையின் உயரமும் அதை வெட்டிய தாத்தாவின் உடம்புக்குப் பொருந்தியவை. அதே தறியில் இன்று அவரைவிட ஒரு சாண் உயரமான பேரன் உட்காருகிறான். மதியத்துக்கு மேல் குள்ளமான மருமகள் உட்காருகிறாள். அவனுக்கு முதுகு கூடுதலாக வளைகிறது. அவளுக்கு மிதி எட்டாமல், ஒவ்வொரு மிதிப்புக்கும் இடுப்பு ஒரு பக்கம் சாய்கிறது. பலகைக்கு அடியில் ஒரு கட்டை, மேலே மெத்தை, எட்டாத மிதியைக் கொஞ்சம் உயர்த்திக் கட்டுவது, நூல் தெரியக் குனிய வேண்டாதபடி பாவின் மேல் நல்ல வெளிச்சம்: இவற்றுக்குப் பெரிய செலவில்லை. இத்தாலிய மருத்துவர் ராமஸினி, தொழிலாளர் நோய்கள் பற்றிய தம் நூலின் 1713ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே நெசவாளருக்கெனத் தனி அத்தியாயம் சேர்த்தார். முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் நாம் இந்த வலியை விதி என்று சொல்லிக்கொண்டிருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

"வாயுப் பிடிப்பு, கிழங்கை நிறுத்து" என்பார்கள். முதுகுத் தசைக்கும் உருளைக்கிழங்குக்கும் தொடர்பில்லை. பெல்ட் கட்டினால் சரியாகும் என்பதும் அப்படித்தான். நாட்பட்ட இடுப்பு வலிக்கு வழக்கமாக பெல்ட் பயன்படுத்த வேண்டாம் என்று 2023இல் உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. உடற்பயிற்சியைத்தான் அது பரிந்துரைக்கிறது. வாரக்கணக்கில் படுத்துக் கிடப்பதும் உதவாது, முடிந்த அளவு நடமாட வேண்டும்.

"ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும்" என்று கடன் வாங்கி ஓடுபவர்களும் உண்டு. வலியே இல்லாதவர்களின் ஸ்கேனிலும் முதுகெலும்பு வட்டுத் தேய்மானம் தெரியும். ஆனால் சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ, தொடையிடுக்கு மரத்துப்போனாலோ, கால் பலமிழந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். மருந்துக்கடையில் தாமாக வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் வலி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

நாடாவில் வைக்கும் நூலைத் தார் சுற்றுவது லேசான வேலை என்று வீட்டிலேயே நினைக்கிறார்கள். தரையில் உட்கார்ந்து ராட்டையைச் சுற்றும் பெண்ணின் தோளும் மணிக்கட்டும் ஒரே அசைவைப் பகல் முழுக்கச் செய்கின்றன. நாட்டின் கைத்தறித் தொழிலாளரில் 100க்கு 70 பேருக்கு மேல் பெண்கள். அவர்கள் வலியைக் கணக்கில் எடுக்காமல் நெசவாளர் வலியைப் பேசவே முடியாது.

அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நிமிருங்கள் என்று மருத்துவர் சொல்கிறார், சரிதான். ஆனால் கூலி சேலைக்குத்தான், நேரத்துக்கு இல்லை. எழுந்து நிற்கும் ஐந்து நிமிடத்துக்கும் சேர்த்துக் கூலியை நிர்ணயிப்பது சேலைக்குக் கூலி கொடுப்பவர்களின் கையில் இருக்கிறது.